கத்தியின் வாலில் பல் தடம்

பார்சலைப் பிரித்ததும் முதல் வேலையாக பிளேடை மோந்து பார்த்தேன். புது எஃகில் ஒரு எண்ணெய் வாசனை வரும். வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. பழசைத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே எண்ணெயும் தடவிப் புதுசு என்று தலையில் கட்டுகிற காலம் இது. கீரைக்கட்டைக்கூட நான் பிரித்துப் பார்க்காமல் வாங்கமாட்டேன். மாட வீதியில் என்னைக் கண்டாலே கீரைக்காரம்மா, "வந்துட்டியா, இந்தா, நீயே அவுத்துப் பாத்துக்கோ" என்று கட்டைத் தூக்கிப் போட்டுவிடுவாள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். "உன்ன போலீஸ்ல சேத்திருக்கணும், தப்பா பல்லுக் கடைல சேத்துட்டாங்க" என்பார்.

பல்லுக் கடை என்று அவர் சொல்வது ராயப்பேட்டையில் நான் வேலை செய்யும் லேப். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செட் செய்து தருவோம். செட் வாயில் ஆடாமல் நிற்கப் பக்கத்துப் பல்லைக் கவ்விப் பிடிக்கும் கம்பிக் கொக்கிகள் வேண்டும். அதை வளைப்பது என் வேலை. குறடு என் இடது கையில்தான் இருக்கும். சாப்பிடுவதையும் சாமிக்குப் பூப் போடுவதையும் சின்ன வயதிலேயே அடித்து அடித்துச் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார்கள். மற்றதெல்லாம் இன்றைக்கும் பீச்சாங்கைதான். ஒரு கல்யாண வீட்டில் மறந்துபோய் அந்தக் கையால் தாம்பூலப் பை கொடுத்தேன். வாங்கவேண்டிய அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அந்தக் கையில குடுக்கறே?" என்று நாலு பேர் பார்க்கக் கேட்டாள். என் பெண் அப்போது பக்கத்தில் நின்றிருந்தாள். போங்கடி, அந்தக் கை வளைத்த கொக்கியை மாட்டிக்கொண்டுதான் இந்த ஊரில் எத்தனையோ பேர் முறுக்கு கடிக்கிறார்கள். என் இடது கையைப் பற்றி எனக்குத் திமிரே உண்டு.

பிளேடு என் பெண்ணுக்கு. ப்ளஸ் டூ படித்துக்கொண்டே ஃபென்சிங், அதாவது கத்திச் சண்டை விளையாட்டு, ஆடுகிறாள். அவள் ஆடுவது எப்பே. அந்த விளையாட்டில் உள்ள மூன்று வகைக் கத்திகளில் கனமானது அது, உடம்பில் எங்கே குத்தினாலும் புள்ளி. அந்த வருஷம் மாநில அணியில் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. அது கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட். கிடைக்காவிட்டால், அவள் வாங்குகிற மார்க்கை வைத்துக்கொண்டு யார் வாசலில் போய் நிற்பது என்று எங்களுக்குத் தெரியாது. அந்த இடத்துக்கு எதிர்ப்போட்டி அதே கிளப்பில் ஆடும் இன்னொரு பெண். இரண்டும் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிறவை. எனக்கு அந்தச் சிநேகிதத்தின் மேலும் ஒரு சந்தேகக் கண் உண்டு.

செலக்‌ஷன் நெருங்கும் நேரம் பார்த்துப் பழைய பிளேடு உடைந்தது. கிளப்பில் கத்திகளைச் சரிசெய்து தந்துகொண்டிருந்தவர் பெங்களூர் போய்விட்டார். புதுசை யார் தயார் செய்வது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது, அந்த இன்னொரு பெண்ணின் அப்பா வந்தார். பைக் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர். எப்போதும் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், வாயில் ஒரு சிரிப்பு.

"குடுங்க மேடம், நான் ரெடி பண்ணித் தரேன். என் பொண்ணுக்கும் நான்தானே பண்றேன்" என்றார்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். உன் பெண்ணும் என் பெண்ணும் ஒரே இடத்துக்கு மோதும்போது, என் பெண்ணின் கத்தியை நீ செய்து தருவாயா? நான் கேனையா? "வேணாம் சார், நானே பாத்துக்கறேன்" என்று பிளேடைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

புது பிளேடு குச்சி மாதிரி நேராக வரும். அப்படியே ஆட முடியாது. கைப்பிடிக்குள் நுழையும் பின்பாகத்தை வால் என்போம். அதை வைஸில், அதாவது பட்டறை மேசையில் இருக்கும் இரும்புப் பிடியில், கடிக்கவைத்து மெல்ல வளைக்க வேண்டும். அப்போதுதான் நுனி கொஞ்சம் கீழேயும், பிடித்திருப்பவரின் நெஞ்சுப் பக்கமாகவும் சாயும். இழை அளவு சாய்வுதான். அது சரியாக அமைந்தால் எதிராளியின் மணிக்கட்டு தானாக வந்து நுனியில் விழும். அமையாவிட்டால் ஒவ்வொரு குத்தும் வெளியே வழுக்கிக்கொண்டு போகும். போனில் வீடியோ போட்டுப் போட்டுப் பார்த்து இதெல்லாம் தெரிந்துகொண்டேன். கம்பி வளைக்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தை?

சனிக்கிழமை மத்தியானம் லேபில் எல்லோரும் சாப்பிடப் போனதும் வைஸைப் பிடித்துக்கொண்டேன். வைஸின் பல் எஃகில் பதியாமல் இருக்கச் செம்புத் தகட்டை மடித்து இருபக்கமும் வைத்தேன். ஒரு குழாயை வாலில் செருகி அழுத்தினேன். அழுத்துவேன், வெளியே எடுப்பேன், பிளேடின் நீளத்துக்கு ஓடும் பள்ளம் மேலே இருக்கும்படி வாலைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியைப் பார்ப்பேன். நெஞ்சுப் பக்கம் சாய்கிறதா? இன்னும் ஒரு மயிரிழை. மறுபடி வைஸ். கடைசியில் பார்த்தபோது அத்தனை அழகாக இருந்தது, யாருமில்லாத லேபில் நானே "அடி சக்கை" என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மொட்டை மாடியில் ஒயர் ஒட்டும் வேலை. நுனியில் உள்ள பொத்தான் அழுந்தினால் விளக்கெரிய, பள்ளத்தின் வழியாக மெல்லிய ஒயர் போகவேண்டும். பள்ளத்தை தின்னரால் துடைத்து, பிளேடை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, ஒயரைப் படுக்கவைத்துப் பசை விட்டேன். காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாடிக்குத் துணி எடுக்க வந்த கீழ்வீட்டுக்காரி, "இன்னாக்கா, மீன் புடிக்கப் போறியா?" என்றாள். கண் வைத்துவிடுவாளோ என்று அவளுக்கு நான் முழு விவரம் சொல்லவில்லை. காய்ந்தபின் பிளேடைத் தரையில் போட்டு, செருப்புக் காலால் மெல்ல மிதித்தபடி இழுத்து இழுத்து, நடுவில் லேசான வளைவு கொடுத்தேன். வாலின் மிச்ச நீளத்தை ரம்பத்தால் அறுத்தேன், அரம் போட்டேன், கைக்காப்புக் கிண்ணத்தையும் கைப்பிடியையும் மாட்டி நட்டை முறுக்கினேன்.

என் பெண் வாங்கி நீட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சூப்பரா இருக்கும்மா" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு நான் வடை சுட்டேன்.

வாரநாட்களில் கத்திப் பை அடையாறு பக்கம் இருக்கும் கிளப் ஹாலிலேயே ஸ்டோர் ரூமில் கிடக்கும். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். கடல் காற்றுக்கு எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் நான் கழற்றித் துடைத்து எண்ணெய் போடுவேன். அந்த முதல் வெள்ளிக்கிழமை கைப்பிடியைக் கழற்றியதும் எனக்குப் பகீரென்றது. நான் கொடுத்த சாய்வைக் காணோம். நுனி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. வாலில் வரிசையாக வைஸின் பல் தடம், நாய் கடித்த மாதிரி. நான் தகடு வைக்காமல் வைஸில் எதையும் கடிக்கவிடுவதே இல்லை. இது வேறொரு கை.

"யாருடீ தொட்டது இத?"

"யாரு தொடுவாங்க? ஆடறப்போ அப்படி ஆவும்மா" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆடும்போது பிளேடு வளையும், வால் எப்படி வளையும்? குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம், யாரோ புகுந்து விளையாடுகிறார்கள் என்று என் வயிறு எரிந்தது. அந்த யாரோ யார் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்டோர் ரூமில் பழைய வைஸ் ஒன்று இருக்கிறது. அந்த ரூம் சாவி கோச்சிடம் ஒன்று, பிஸ்கட் அப்பாவிடம் ஒன்று. கோச்சிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆதாரம் இல்லாமல் போனால், இந்த அம்மா தொல்லை தாங்கவில்லை என்று என் பெண்ணை ஓரங்கட்டிவிடுவார். தினமும் கத்தியை வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். "பஸ்ல கண்டக்டர் திட்றாரும்மா" என்றாள்.

சனிக்கிழமை மறுபடியும் லேபில் வளைத்து என் சாய்வுக்குக் கொண்டுவந்தேன். போன தடவையே சரியாகக் கொடுத்தோமா என்றுகூட ஒருகணம் தோன்றி, கையில் பிடித்துப் பார்த்தேன். கச்சிதமாக என் நெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. என்னிடம் பிசகு இல்லை. இந்தத் தடவை நட்டின் ஓரத்தில் ஒரு பொட்டு நெயில் பாலிஷ் வைத்தேன். யாராவது திருகினால் அது வெடித்துக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாலிஷ் வெடித்திருந்தது. வால் மறுபடி அந்தப் பக்கம்.

எனக்கு ராத்தூக்கம் போனது. தலைவலி என்று பொய் சொல்லி ஒருநாள் லேபிலிருந்து சீக்கிரம் கிளம்பி, பஸ் பிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஹாலில் போய் நின்றேன். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். என் பெண்ணைக் காணோம். ஸ்டோர் ரூம் கதவு ஒருக்களித்திருந்தது, உள்ளே இரும்பு உரசுகிற சத்தம். கதவைத் திறந்துகொண்டு பிஸ்கட் அப்பா வெளியே வந்தார். கையெல்லாம் கறுப்பு, சட்டைப்பையில் ஸ்பானர். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா மேடம், இந்த நேரத்துல?"

"சும்மா வந்தேன் சார். உள்ள வைஸ் நல்லா வேல செய்துங்களா?"

அவர் முகம் சிவந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். "எங்க எம்பொண்ணு?" என்றேன். "பாத்ரூம் போயிருக்கு போல" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டை என் பக்கம் நீட்டினார். நான் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பெண் ஸ்டோர் ரூம் பக்கத்திலிருந்து வந்தாள், உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்தபடி. "நீ எதுக்கும்மா வந்தே?" என்று எரிந்து விழுந்தாள். அதையும் நான் அந்த மனுஷர் கணக்கில்தான் எழுதினேன். என் பிள்ளையையே எனக்கு எதிராகத் திருப்பிவிட்டான் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது ஒன்று உண்டு. கம்பியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்காதே, பார்வைக்கு நன்றாக இருக்கும், வாய்க்குள் போனபின் பட்டென்று போய்விடும். எனக்குத் தெரியாததா? நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்தச் சனிக்கிழமை வைஸைத் திறந்தேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் திறந்தேன். எவனோ கெடுத்ததை அப்படியே விட்டுவிட என் ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

செலக்‌ஷன் தி.நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. மற்ற இடங்கள் முடிவாகி, கடைசி இடத்துக்கு நான் பயந்தபடியே இவளும் அவளும் எதிரெதிரே நின்றார்கள். இரண்டும் மாறி மாறிப் புள்ளி எடுத்தன. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்கிற நேரத்தில் என் பெண் பாய்ந்து குத்தினாள். விளக்கு எரிந்தது, அவள் பக்கம்! நான் கத்தப் போனேன். அதற்குள் அவள் கத்தி தலையைத் தொங்கப் போட்டது. கைப்பிடிக்குள்ளேயே வால் முறிந்து, கிண்ணம் லொடலொடவென்று ஆடியது.

மாற்றுக் கத்தியை எடுத்து ஒயரில் மாட்டினாள். அது கிளப்பின் பழைய கத்தி. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியவில்லை. நேரமாகிறது என்று நடுவர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். அப்போது பிஸ்கட் அப்பா எழுந்து, தன் பெண்ணின் பையிலிருந்து ஒரு கத்தியை உருவிக்கொண்டு ஓடினார். "இந்தாம்மா, இத்த எடுத்துக்கோ."

"வாங்காதடீ!" என்று நான் அலறினேன். "அந்தாள் கையால எதையும் வாங்காத! உன் கத்திய வளைச்சு வளைச்சு ஒடைச்சதே அந்தாள்தான்!"

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. முகம் மட்டும் சுருங்கிப்போனது. என் பெண் என்னைப் பார்க்கவேயில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு போய் கோட்டில் நின்றாள். பழகாத கத்தி, குத்து எதுவும் சரியாக விழவில்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. இடம் அந்தப் பெண்ணுக்கு.

முறிந்த கத்தியை எடுத்துக்கொண்டு நேராக அந்த அப்பாவிடம் போனேன். நியாயம் கேட்க ஆதாரம் என் கையில் இருந்தது. கைப்பிடியைக் கழற்றி முறிவைக் காட்டினேன். பாதி பழுப்பு, பாதி பளபளப்பு. பழுப்பு என்பது பழைய விரிசல், பல நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "பாருங்க சார். போட்டு ஆட்டி ஆட்டி வெச்சிருக்கீங்க. உங்க பொண்ணு ஜெயிச்சாச்சு. இப்பவாச்சும் சொல்லுங்க."

"எனக்கும் ஒரு பொண்ணு கீது மேடம்" என்றார். சிரிப்பில்லை, குரலில் கோபம். "அது ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசைதான். அதுக்காக உங்க பொண்ணு கைல கோணக் கத்தி குடுப்பனா? நான் ஒரு பக்கம் புடிச்சுக்கினு நின்னேன், அவ்ளோதான். வளைச்சது உங்க பொண்ணு. அம்மாகிட்ட சொல்லிடும்மான்னு வாரா வாரம் சொன்னேன். வேணாம் அங்கிள்னு கையப் புடிச்சுக் கெஞ்சுச்சு. அதையே கேளுங்க."

என் பெண் பின்னால் நின்றிருந்தாள். முகமூடியைக் கழற்றியிருந்தாள், கன்னமெல்லாம் ஈரம்.

"நீயா?" என்றேன்.

அவள் உடைந்த பிளேடை வாங்கினாள். முறிந்த இடத்தைப் பள்ளம் மேலே இருக்க என் கைக்குள் வைத்தாள். என் இடது கைக்குள். நான் எதையும் பிடிக்கிற கை அதுதானே. நுனி என் நெஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கவேண்டும் என்று நான் வாராவாரம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தது நினைவுக்கு வந்தது. பிறகு பிளேடை எடுத்துத் தன் சோத்தாங்கையில் பிடித்துக் காட்டினாள். அவள் அந்தக் கையால்தான் ஆடுகிறாள். அந்தக் கைக்கு நெஞ்சு கத்தியின் இடப்பக்கம், என் கைக்கோ வலப்பக்கம்.

அத்தனை வாரமும் நான் என் கைக்குக் கத்தி செய்துகொண்டிருந்திருக்கிறேன். அவள் அதைத் தன் கைக்குத் திருப்பியிருக்கிறாள். நான் மறுபடி என் கைக்கு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. ஊரிலிருக்கிற கீரைக்கட்டை எல்லாம் பிரித்துப் பார்த்தவள் என் கையைப் பார்க்கவில்லை.

"ஏண்டீ சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"எப்படிம்மா சொல்றது?" என்று வெடித்தாள். "உன் பீச்சாங்கை தப்பு பண்ணிடுச்சுன்னு சொல்லணுமா? எல்லாரும் சொல்றது பத்தாதா, நானும் சொல்லணுமா?"

அந்த ஹாலிலேயே, அத்தனை பேர் நடுவில், நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிஸ்கட் அப்பா பாக்கெட்டை எங்கள் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். அப்புறம் ஒருநாள் அவர் கடைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மேடம்" என்றார். ஆனால் உட்காரச் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

அந்தக் காலேஜ் சீட் போனது போனதுதான். அவள் இப்போது வேறொரு காலேஜில், வேண்டாவெறுப்பாகச் சேர்ந்த ஒரு படிப்பைப் படிக்கிறாள். ஆட்டத்தை மட்டும் விடவில்லை.

போன மாதம் இன்னொரு புது பிளேடு வந்தது. மோந்து பார்த்தேன், அது என்னை விட்டுப் போகாது. சனிக்கிழமை அவளையும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தகடு வைத்து, வைஸை முறுக்கி, கொஞ்சம் வளைத்து, வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "நீ புடி. நான் பாக்கமாட்டேன். நீயே சொல்லு."

நீட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சூப்பரா இருக்கும்மா" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கீரைக்காரியை, பார்சல்காரனை, பிஸ்கட் அப்பாவை எல்லாம் சந்தேகப்பட்ட கண்ணால் இவளை ஒருநாளும் பார்த்ததில்லை. என் சமையலை, என் புடவையை, என் வேலையை இவள் சூப்பர் சூப்பர் என்று சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"என் மேல ஆணையாச் சொல்லு" என்றேன்.

அவள் உதட்டைக் கடித்தாள். பிளேடை மறுபடி நீட்டினாள். தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்: "கொஞ்சம் அதிகமா கீழ போவுதும்மா."

"குடு இப்படி" என்று இடது கையை நீட்டி வாங்கி, வைஸைத் திறந்தேன்.